எயிற்பட்டினத்துக் கரையில்

திண்டிவனம் என்றதும் நேயர்களில் பலருக்கு ரயில்வே ஸ்டேஷனும் பஸ் நிலையமும்தான் ஞாபகத்துக்கு வரும். சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பிரயாணிகள் மிகப் பலர் இவ்வூரைக் கடந்துதான் போகிறார்கள். இறங்கிப் பார்க்கிறவர்கள் சொற்பம். இங்கிருந்து ஒரு பாதை மேற்கே செஞ்சிக்கும் அதற்கு அப்பால் திருவண்ணாமலைக்கும் போகிறது. ஒன்று தெற்கே விழுப்புரத்துக்கு, இன்னொன்று புதுச்சேரிக்கு. நான்காவதாக ஒரு பாதை கிழக்கே மரக்காணம் போகிறது. கோட்டை பார்க்க விரும்புகிறவர்களும் கடவுளைக் காண விரும்புகிறவர்களும் மேற்கே போய்விடுகிறார்கள். உல்லாசம் தேடுகிறவர்களுக்குப் புதுச்சேரி இருக்கிறது. ஆகையால் இந்த நான்காவது பாதையைப் பற்றி யாரும் அதிகமாக எழுதுவதில்லை. நாம் அதில் போய் வந்ததற்கு ஒரு பழைய பாட்டுத்தான் காரணம்.

புளியமரங்கள் அடர்ந்த காடாக இருந்தமையால் 'திந்திரிணி வனம்' என்று பெயர் ஏற்பட்டு, அது திண்டிவனமாயிற்று என்பார்கள். ஊரில் எழுந்தருளியிருக்கும் ஈசுவரனுக்கும் திந்திரிணீசுவரர் என்றே திருநாமம். ஆனால் இந்த வடமொழிப் பெயரைவிடப் பழைய தமிழ்ப் பெயர் ஒன்று இங்கேயே இருக்கிறது. இப்போது நகரத்தின் ஒரு பகுதியாகிவிட்ட கிடங்கல்தான் சங்க காலத்துக் கிடங்கில். ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனுக்கு அது தலைநகரம். பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை அவனைப் பாடியது. பாடிய நத்தத்தனாரும் அசலூர்க்காரர் அல்லர். மரக்காணத்துக்கு வடக்கே கடலோரமாகக் கிடக்கும் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர்.

கிடங்கலில் நம்மை அழைத்துக்கொண்டு சுற்றிய நண்பர் ஒரு தமிழாசிரியர். பழைய கோட்டையின் சிதைவுகளைக் காட்டிவிட்டு அந்தப் பாட்டின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். வறுமையால் வாடிய ஒரு பாணன் குடும்பம். வீட்டுக்காரி குப்பைக் கீரையைப் பறித்து வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அக்கம்பக்கத்தார் பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்களோ என்று வெட்கப்பட்டுக் கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தோடு அதைப் பகிர்ந்து உண்கிறாள். அந்த நிலைமையிலிருந்து நல்லியக்கோடனால் மீண்ட பாணன், எதிரே வரும் இன்னொரு ஏழைப் பாணனுக்கு வழி சொல்வதுதான் பாட்டு. முதலில் கடற்கரையிலுள்ள எயிற்பட்டினத்துக்குப் போ. அங்கே பரதவர் உனக்கு முதிர்ந்த கள்ளும், சுட்ட உலர்ந்த குழல் மீனும் தருவார்கள். பிறகு வேலூர், அப்பால் ஆமூர். அங்கங்கே உள்ள குடிகளும் உனக்குச் சோறிடுவார்கள். அதற்கப்புறம் கிடங்கில் வந்து சேர்வாய்.

"அந்த எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று ஆராய்ச்சிக்காரர்கள் கருதுகிறார்கள். பாணன் வந்த வழியை நாம் தலைகீழாகப் போய்ப் பார்ப்போமே! இன்றைக்கும் அந்தக் கரையில் விருந்து கிடைக்குமா என்று தெரிந்துவிடும்" என்றார் நண்பர் சிரித்துக்கொண்டே. மறுநாள் விடியற்காலை பஸ் ஏறினோம்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். பிரம்மதேசம் தாண்டும் வரையில் ஏரிகளும் மணிலாக்கொட்டைக் கொல்லைகளும் சவுக்குத் தோப்புகளும் மாறி மாறி வருகின்றன. வறண்ட பூமி என்று யாரும் சொல்லிவிட முடியாது. மழை வந்தால் இங்கே அளவோடு வருவதில்லை என்பதே உண்மை. 2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்துக்குப் பக்கத்திலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது. அதற்கு நான்கு வருஷம் முன்னால், 2020 நவம்பரில், நிவர் புயலும் இந்தக் கரையில்தான் ஏறியது. 2011 டிசம்பரில் தானே புயல். 2004-ல் சுனாமி. உள்ளூர்க்காரர்கள் வயதைக் கணக்கிடுவதற்குப் பஞ்சாங்கம் தேவையில்லை. இந்தப் புயலுக்கு இவன் கைக்குழந்தை, அந்தப் புயலுக்கு அவளுக்குக் கல்யாணம் என்றே கணக்குச் சொல்கிறார்கள்.

பனைமரங்கள் அதிகமாகி, காற்றில் உப்பு மணக்க ஆரம்பித்தால் மரக்காணம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம் கழுவெளி பரந்து கிடக்கிறது. மழைக் காலத்தில் நன்னீரும் வெயில் காலத்தில் உப்புநீருமாக மாறும் அதிசயமான ஏரி அது. வெளிநாட்டுப் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும் அந்த நீர்ப்பரப்பில் 5,151 ஹெக்டேரை 2021-ம் வருஷம் தமிழ்நாடு அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஊரை ஒட்டி மூவாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட உப்பளங்கள். உப்பில்லாமல் கீரை வேகவைத்த பாணன் மனைவியின் ஞாபகம் வந்தது. அவள் வந்த வழியில் இத்தனை உப்பு வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கிறது! காலில் விரிசல் கண்ட பெண்கள் அதைக் கூடையில் வாரிச் சுமந்து கரையேற்றிக்கொண்டிருந்தார்கள்.

பக்கிங்ஹாம் கால்வாய் முடிகிற இடமும் மரக்காணமே. 1806-ல் சென்னைக்கு வடக்கே தனியார் முயற்சியாக வெட்ட ஆரம்பித்த இந்த நீர்வழி, 1876 முதல் 1878 வரையில் சென்னை ராஜதானியை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது, வயிற்றுக்கில்லாத ஜனங்களின் கூலி உழைப்பால் பெரிதும் விரிவடைந்தது. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை 1878-ல் இதற்குச் சூட்டினார்கள். வெட்டியவர்களின் பெயரைச் சூட்டுவதென்றால் கால்வாயின் நீளம் போதாதுதான். ஆந்திரத்துப் பெத்தகஞ்சாமிலிருந்து ஏறக்குறைய 420 கிலோமீட்டர் வந்து இங்கே ஓய்ந்துபோகிறது. உப்பும் விறகும் ஏற்றிச் சென்ற படகுகள் இப்போது கிடையா.

கடற்கரைக் குப்பத்துக்குச் சேர்ந்தபோது சூரியன் ஒரு பனை உயரம் ஏறியிருந்தான். விழுப்புரம் மாவட்டத்தின் கரையில் இத்தகைய மீனவ கிராமங்கள் பத்தொன்பது இருக்கின்றன. நாம் போன குப்பத்தின் பெயர் வேண்டாம். எதற்குப் போயிருந்தாலும் அநேகமாக இதையேதான் எழுதியிருப்போம். இராத்திரி போன படகுகள் ஒவ்வொன்றாக அலையின் முதுகிலேறி மணலில் வந்து மோதின. இறங்கியவர்களோடு கரையில் நின்றவர்களும் சேர்ந்து 'ஏலேலோ' இல்லாமலே படகைத் தோளால் முட்டி மேலே தள்ளினார்கள். பிற்பாடு வலையை உதறி மீனைப் பிரித்தெடுக்க ஆரம்பித்தார்கள். சைவ நேயர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டாம். நாம் மீனைப் பற்றி அதிகமாகப் பேசப் போவதில்லை. கணக்கைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

கட்டுமரம் என்பது தமிழன் உலகத்துக்குக் கொடுத்த சொல். நாலைந்து மரங்களைக் கயிற்றால் பிணைத்துவிட்டால் அதற்கு எண்ணெயும் வேண்டாம், யந்திரமும் வேண்டாம். காற்றும் தோளும் போதும். அலை அடித்தால் தண்ணீர் மேலே வந்து கீழே போய்விடும், முழுகாது. இன்று இந்தக் கரையில் கட்டுமரத்தைத் தேடித்தான் பார்க்கவேண்டும். சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் ஏராளமாக வந்திறங்கின. கொடுத்தவர்கள் நல்ல மனத்தோடுதான் கொடுத்தார்கள். சில ஊர்களில் அலை கொண்டுபோனதைவிட அதிகமான படகுகளே வந்து சேர்ந்தன. அவற்றில் தொலைதூரம் போகலாம், சீக்கிரம் திரும்பலாம் என்பது நிஜம். ஆனால் ஃபைபர் படகு என்ஜினோடு பிறந்தது; என்ஜின் டீசலோடு பிறந்தது. மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் டீசலுக்கும் ஐஸுக்கும் பணம் முதலிலேயே போய்விடுகிறது. முன்பெல்லாம் வெறுங்கையோடு திரும்பிய மீனவன் பசியோடு மட்டும் வீட்டுக்குப் போனான். இப்போது வெறுங்கையோடு திரும்பினால் கடனோடு போகிறான்.

பங்கு பிரிக்கும் முறை பழைய முறைதான், நியாயமான முறையுங்கூட. விற்ற பணத்தில் செலவு போக மீதியைப் படகுக்கு, வலைக்கு, என்ஜினுக்கு, உழைத்த ஆட்களுக்கு என்று பங்கிட்டுக்கொள்கிறார்கள். நஷ்டமானால் அதுவும் பங்குதான். ஆனால் பங்குக்கு வருவதற்கு முன்னாலேயே பணம் எங்கே குறைகிறதென்பதைக் கவனிக்க வேண்டும். மீன் மணலில் கொட்டியதும் ஏலம் ஆரம்பமாகிறது. ஏலம் விடுகிறவருக்குத் தரகு உண்டு. வலை வாங்கவும் என்ஜின் பழுது பார்க்கவும் முன்பணம் கொடுத்த வியாபாரி பக்கத்தில் நிற்கிறார். அவரிடம் பணம் வாங்கிய படகின் மீன் அவருக்கே போகவேண்டும் என்பது எழுதாத சட்டம். வட்டி என்று தனியாக அவர் கேட்பதில்லை. விலையிலேயே அது கழிந்துவிடுகிறது. மீன் வெயிலில் கெட்டுவிடும் சரக்கு. நாளைக்கு விற்றுக்கொள்கிறேன் என்று உழவன் நெல்லை வைத்துக்கொள்வது போல மீனவன் வைத்துக்கொள்ள முடியாது. ஐஸ் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே விலை இருக்கிறது.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. உழவர்களுக்கான கிஸான் கடன் அட்டையை 2018-19 வரவு செலவுத் திட்டத்திலிருந்து மீனவர்களுக்கும் விஸ்தரித்தார்கள். ஆனால் பாங்கியில் கடன் வாங்கக் காகிதம் வேண்டும். குப்பத்துக்காரனிடம் இருப்பது பெரும்பாலும் வாய்வார்த்தை. படகுக்கு என்ஜின் நின்றுபோவது இரவு இரண்டு மணிக்கு. அந்த நேரத்தில் கதவைத் தட்டினால் திறக்கிறவர் வியாபாரிதான். அவரைக் கெட்டவர் என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விட நமக்கு மனம் வரவில்லை.

பெண்களின் பாடு தனி. ஆண்களின் வேலை கரையோடு முடிகிறது. பெண்களின் வேலை கரையில்தான் தொடங்குகிறது. ஏலத்தில் பெரிய வியாபாரிகளோடு போட்டி போட்டு ஒரு கூடை மீன் எடுக்கவேண்டும். எடுத்ததைத் தலையில் சுமந்து பஸ் ஏறி உள்நாட்டு ஊர்களில் தெருத் தெருவாக விற்க வேண்டும். விற்காதது கருவாடாகும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானது இவர்களுக்குப் பேருதவி. ஆனால் டிக்கெட் இலவசமானாலும் கூடைக்கு இடம் கிடைப்பது இலவசமல்ல. அதே வருஷம் டிசம்பரில், தெற்கே குளச்சலில், மீன் விற்றுவிட்டு வந்த ஒரு மூதாட்டியை நாற்றமடிக்கிறதென்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பஸ் நிலையத்தில் நின்று அழுதுகொண்டே நியாயம் கேட்டதைத் தமிழ்நாடு முழுவதும் பார்த்தது. ஊழியர்கள்மேல் நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. நாம் சந்தித்த ஒரு பாட்டியிடம் இதைப் பற்றிக் கேட்டோம்.

"அவங்க பேசினாங்க, தெரிஞ்சுது ஐயா. நாங்க பேசறதில்ல. கடைசி சீட்டுக்குப் பின்னால நின்னுக்குவோம்" என்றாள்.

பொடி மீன்களுக்கும் இப்போது கிராக்கி வந்துவிட்டது. முன்பு யாரும் ஏலம் கேளாத சிறு மீனைப் பெண்கள் மலிவாக வாங்கி உலர்த்துவார்கள். இப்போது அது கோழித் தீவனத்துக்குப் போகிறது. நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் முட்டையாகி நம் வீட்டுக்கே திரும்பி வருகிறது. இது வியாபார அபிவிருத்தி என்பதில் சந்தேகமில்லை. கருவாட்டுக்காரிக்கு மட்டும் சரக்கு இல்லை.

சட்டப்படி கரையை ஒட்டிய கடலில் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. 1983-ம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் அந்த எல்லையைச் சிறு படகுக்காரர்களுக்கென்றே ஒதுக்கியது. தண்ணீரில் கோடு போடுவது சுலபம். அதைக் காவல் காப்பது கஷ்டம். அடியோடு வாரிச் செல்லும் இழுவைப் படகு உள்ளே வந்துவிட்டால் இவர்கள் விரித்த வலையே அறுந்துபோகிறது. சுருக்குமடி வலை விவகாரம் இன்னும் சிக்கலானது. 2000-ம் வருஷம் தமிழக அரசு அதைத் தடை செய்தது. 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு, பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டே நாட்கள், பகல் நேரத்தில் மட்டும் அதை உபயோகிக்கலாமென்று இடைக்கால அனுமதி கொடுத்தது. வைத்திருப்பவர்கள் கடன் வாங்கிப் பல லட்சம் முதல் போட்டவர்கள். வைத்திராதவர்கள் கூட்டங் கூட்டமாக மீன் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள். இருவரும் ஒரே குலம், பல சமயங்களில் சம்பந்திகள். கடலூர், நாகைப் பக்கத்தில் ஊருக்கும் ஊருக்கும் சண்டையே மூண்டிருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாட்கள் தடைக் காலம். மீன் இனம் பெருகுவதற்காக ஏற்பட்ட இந்த ஓய்வு முன்பு 45 நாட்களாக இருந்தது, 2017-ல் நீட்டினார்கள். தடை வேண்டாமென்று குப்பத்தில் யாரும் நம்மிடம் சொல்லவில்லை. கடலுக்கும் பிள்ளைப்பேறு உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாதா? விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் அந்தக் காலத்தில், வெளித் துறைமுகங்களில் அவற்றில் கூலிக்குப் போகிற இந்த ஊர் வாலிபர்கள் வீடு திரும்பி உட்கார்ந்திருப்பார்கள். குடும்பம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாயாக இருந்த தடைக்கால நிவாரணத்தை எட்டாயிரமாக உயர்த்துவதாக 2023-ல் அரசு அறிவித்தது. நண்பர் பென்சிலை எடுத்து வகுத்தார். நாளொன்றுக்கு 131 ரூபாய். மீனவப் பெண்களுக்குச் சேமிப்பு நிவாரணத் திட்டமும் ஒன்றுண்டு; அவர்கள் 1,500 ரூபாய் கட்டினால் சர்க்கார்கள் 3,000 சேர்த்துத் திருப்பித் தருகின்றன. இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் எட்டாயிரம் ரூபாய் கொடுப்பதைவிட, மீதிப் பத்து மாதத்தில் அவன் மீனுக்கு அவன் விலை சொல்ல வழி செய்வது பெரிய உதவியாயிருக்குமென்று நமக்குத் தோன்றியது.

இதையெல்லாம்விட அதிகமாக அவர்கள் பேசியது மணலைப் பற்றி. கரை இல்லாமல் மீனவன் இல்லை. படகு நிறுத்த, வலை உலர்த்த, கருவாடு போட, ஏலம் விட, பஞ்சாயத்துக் கூட, எல்லாவற்றுக்கும் அந்த மணல்தான். நமது கிழக்குக் கரையில் மணல் வருஷம் முழுவதும் அலையோடு பிரயாணம் செய்துகொண்டேயிருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் வடக்கே போகும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே அதிகம். 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கருங்கல் சுவர்கள் நீட்டினார்கள். தெற்கேயிருந்து வந்த மணல் அங்கே தங்கிவிட்டது, வடக்கே பட்டினி. புதுச்சேரிக் கடற்கரையே மறைந்து பாறைக் குவியலாயிற்று. அரிப்பைத் தடுக்க அங்கே கல் போட்டார்கள். கல் முடிகிற இடத்தில் அடுத்த குப்பத்தை அலை கடித்தது. அங்கும் கல் போட்டார்கள். இப்படியே தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று விழுப்புரம் மாவட்டத்துக் கரைக்கும் அந்த வியாதி வந்து சேர்ந்தது. பொம்மையார்பாளையத்தில் வீடுகளே கடலுக்குள் விழுந்தன. இங்கே ஒரு கிராமம் புதுச்சேரி ஆட்சி, அடுத்தது தமிழ்நாடு, அதற்கடுத்தது மறுபடியும் புதுச்சேரி. அதிகாரிகளுக்கு எல்லை தெரியும்; அலைக்குத் தெரியாது.

மரக்காணத்துக் குப்பங்களுக்கு அந்த அரிப்பு இன்னும் முழு உருவத்தில் வரவில்லை. ஆனால் வேறு ஒரு தர்மசங்கடம் வந்திருக்கிறது. கழுவெளி நீர் கடலோடு கலக்கும் முகத்தில், விழுப்புரம் பக்கத்து அழகன்குப்பத்திலும் எதிர்க்கரையிலுள்ள ஆலம்பரைக்குப்பத்திலும் மீன்பிடித் துறைமுகம் அமைக்க அரசு திட்டமிட்டது. துறைமுகம் வேண்டுமென்பது மீனவர்களின் நெடுநாளைய கோரிக்கை. புயல் காலத்தில் படகை ஒதுக்க இடமில்லாமல் எத்தனை படகுகளை இழந்திருக்கிறார்கள்! அதே சமயம், மறுபடியும் கல் சுவர் நீட்டினால் வடக்கேயுள்ள குப்பங்களின் கதி என்ன, முகத்துவாரத்தில் குஞ்சு பொரிக்கும் இறாலும் நண்டும் என்னாகும் என்று கேட்கிறவர்களும் மீனவர்களே. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரையில் போயிற்று. ஆலம்பரையில் நவாபு காலத்துக் கோட்டை ஒன்று இடிந்து கிடக்கிறது; டூப்ளே கைக்கு வந்து, 1760-ல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. கடலோரத்தில் கல்லால் கட்டுவதெல்லாம் எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு அதைப் பார்த்தால் போதும்.

கடலரித்தது போக மிஞ்சிய கரைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பிறகு விலை ஏறிவிட்டது. சாலையோரமெங்கும் சுவரெழுப்பிய உல்லாச விடுதிகள். கடலோர மண்டல விதிகள் 1991-ல் வந்தன. 2011-லும் 2019-லும் மாறின. ஜனநெருக்கமுள்ள கிராமக் கரைகளில் கட்டடம் கூடாதென்றிருந்த 200 மீட்டர் எல்லை, கடைசி மாற்றத்தில் 50 மீட்டராகச் சுருங்க இடம் ஏற்பட்டது. தலைமுறை தலைமுறையாக வலை உலர்த்திய மணலுக்கு மீனவனிடம் பட்டா கிடையாது. எல்லோருக்கும் பொதுவான இடத்துக்கு எதற்குப் பட்டா என்று அவன் பாட்டன் நினைத்தான்.

இத்தனையும் நம் ஊருக்கே உரிய விசித்திரமென்று எண்ணிவிட வேண்டாம். மேற்கு ஆப்பிரிக்காவில் ஸெனகால் தேசத்து ஸேன் லூயி நகரத்தில் கெத் ந்தார் என்றொரு மீனவர் பேட்டை இருக்கிறது. நதிக்கும் சமுத்திரத்துக்கும் நடுவே ஒரு மணல் திட்டில், நம் குப்பங்களைப் போலவே நெருக்கமான வீடுகள். 2003-ல் வெள்ளத்தை வடிக்க அந்த மணல் திட்டில் நான்கு மீட்டர் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். அது சில வருஷங்களில் கிலோமீட்டர் கணக்கில் அகன்று, தெற்கேயிருந்த கிராமங்களை விழுங்கிற்று. வெளிநாட்டுப் பெரிய கப்பல்கள் தூரத்துக் கடலில் வாரிக்கொள்கின்றன. கரைக்கு வரும் சிறு மீன் தீவன ஆலைக்குப் போகிறது; அதை உலர்த்தி ஜீவனம் செய்த பெண்கள் கைகட்டி நிற்கிறார்கள். வண்ணம் தீட்டிய நீளமான மரப் படகுகளில் மீனுக்குப் பதிலாக மனிதர்களே ஏறி, ஸ்பெயினுக்குச் சொந்தமான கனாரித் தீவுகளுக்குப் பெருங்கடலில் புறப்பட்டுவிடுகிறார்கள். 2024-ல் மட்டும் 46,000-க்கு மேற்பட்டவர்கள் அந்தத் தீவுகளில் போய்க் கரையேறினார்கள். வழியில் மாண்டவர்கள் வேறு. கெத் ந்தாரில் ஒருவருக்கும் மரக்காணம் எங்கேயிருக்கிறதென்று தெரியாது. ஆனாலும் இந்தக் குப்பத்துப் பாட்டி அங்கே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், பாஷை தெரியாமலே எல்லாம் விளங்கிவிடும்.

மத்தியான வெயிலில் எக்கியார்குப்பத்தைக் கடந்து நடந்தோம். அந்தப் பெயரை நேயர்கள் கேட்டிருப்பார்கள். 2023-ம் வருஷம் மே மாதம் 13-ந் தேதி இங்கே விற்ற சாராயத்தில் மெதனால் என்ற ஆலை விஷம் கலந்திருந்தது. குடித்தவர்கள் ஒவ்வொருவராகக் கண் இருண்டு, மூச்சுத் திணறி விழுந்தார்கள். இங்கும் செங்கற்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர்ப் பக்கத்திலும் சேர்த்து இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் அரசு கொடுத்தது. குடித்துச் செத்தவனுக்குச் சர்க்கார் பணமா என்று அப்போது பட்டணத்து வீடுகளில் பலர் கேட்டதுண்டு. அடுத்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் அதே விஷத்துக்கு இரையானார்கள்.

1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, ஏழையின் அடுப்பெரிய வேண்டுமென்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. 1971-ல் அது தளர்ந்தது. 2003 முதல் சர்க்காரே சில்லறைக் கடை வைத்து விற்கிறது. கடைச் சரக்கைவிடப் பாக்கெட் சாராயம் மலிவு. இரவெல்லாம் ஈரத்தில் வலை இழுத்து, தோள் இற்றுப்போய், விலையை வேறொருவர் சொல்ல வாங்கிக்கொண்டு வருகிறவன் மலிவானதைத் தேடுகிறான். குடிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. குப்பத்துப் பெண்களே அதற்கு முதல் விரோதிகள். அவர்களைக் கேட்டால் நம்மைவிடக் கடுமையாகச் சொல்வார்கள். நண்பர் மட்டும் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பழைய பாட்டில், வழிப்போக்கனுக்குப் பரதவர் வீட்டார் தம் கையால் வடித்து முதிரவைத்துக் கொடுத்த பானமும், இந்த பாக்கெட்டும் ஒரே கரையில்தான் என்று அவர் மனத்தில் ஓடியிருக்க வேண்டும். நமக்கும் அதுதான் ஓடியது. அந்தக் கரைக்குப் பசியோடு வந்தவன் பாணன். பரதவன் கொடுக்கும் நிலையில் இருந்தான்.

சாயங்காலம் மரக்காணம் பஸ் நிறுத்தத்தில், காலையில் பார்த்த பாட்டி கூடையோடு உட்கார்ந்திருந்தாள். திண்டிவனத்தில் நாளைக்குச் சந்தையாம். நண்பரின் வீட்டில் கருவாடு சாப்பிடுகிறவர்கள் உண்டு. நூறு ரூபாய்க்கு நெத்திலி கேட்டார். பாட்டி சொன்ன அளவுக்கு அவர் இன்னும் கொஞ்சம் கேட்க, அவள் மறுக்க, அவர் மறுபடி கேட்க, பேரம் நடந்தது. இவ்வளவு பார்த்துவிட்டு வந்தும் பேரம் பேசுகிறாரே என்று நமக்குச் சங்கடமாயிருந்தது. ஆனால் பாட்டிக்குச் சங்கடமில்லை. பேரம் பேசாதவனை அவள் மதித்திருக்க மாட்டாள் போலிருக்கிறது. கடைசியில் பொட்டலத்தைக் கட்டி, கூடையின் அடியில் கை விட்டு, பெரிய வாளைக் கருவாடு இரண்டை எடுத்து மேலே வைத்தாள்.

"இதுக்கு எவ்வளவு பாட்டி?" என்று கேட்டார் நண்பர்.

"கொசுறு, ஐயா. தூரத்துலேருந்து வந்திருக்கீங்க" என்றாள்.

பஸ் வந்தது. கூடையை ஏற்ற நாமும் ஒரு கை கொடுத்தோம். அவள் கடைசி ஸீட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.